தமிழ்ச்செல்வி மாட்டிக்கொண்ட காற்றுக்கோட்டு

தமிழ்ச்செல்வி ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் மஞ்சக்குப்பத்தில் யாரும் கிடையாது. காரில் உட்காருவாள். அது வேறு. அவள் நடத்துகிற டிரைவிங் ஸ்கூலின் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். அவள் கால் இரண்டும் அதன்மேல் நிற்கும், கண் ரோட்டில் நிற்கும், வாய் எங்கேயும் நிற்காது. "கைய பாக்காத, ரோட்ட பாரு. கியரு எங்க ஓடிடப் போவுது?" கடலூரில் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேர் இந்தக் குரலிடம் திட்டு வாங்கியவர்கள்தான். வீட்டுக்கு வந்தால் டீயை நின்றுகொண்டு குடிப்பாள். சாப்பிடும்போது தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பாள். கணவன் சேரன் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். தாய்மாமன் மகன் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் அவளுக்கு அவன் மாமாதான். "உன்ன பெத்தப்ப எங்க அத்த பஸ்ஸுல போய்னு இருந்துச்சா?" என்று கேட்பான்.

அவள் நிற்காமல் ஓடியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நின்றால் இருமல் வரும். படுத்தால் இன்னும் ஜாஸ்தி வரும். கீரப்பாளையத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கக்குவான் இருமல் வந்து, பின்னாலேயே நிமோனியாவும் வந்து, நுரையீரலின் அடிப்பகுதியைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கின்றன. அப்போது யாருக்கும் அது தெரியாது. சளி உடம்பு என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். அவளும் அப்படியே நினைத்துக்கொண்டாள். காரில் ஒரு மூடி போட்ட டப்பா வைத்திருப்பாள். கண்ணாடியை இறக்கி, முகத்தைத் திருப்பி, ஆளுக்குத் தெரியாமல் இருமித் துப்பி மூடி வைத்துவிட்டு, "ம்ம், செகண்ட போடு" என்பாள்.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் காய்ச்சல் அடிக்கடி வர ஆரம்பித்தது. மழைக்காலம் வந்தால் மாத்திரை, ஊசி, மறுபடியும் காய்ச்சல். கடைசியில் சிதம்பரத்தில் ஒரு நெஞ்சு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, படத்தில் கறுப்பும் வெள்ளையுமாக இருந்த இடத்தைப் பேனாவால் சுற்றிக் காட்டினார்.

"மூச்சுக்குழாய் இங்கல்லாம் விரிஞ்சு தளர்ந்துபோச்சும்மா. சளி தானா மேல ஏறி வராது. தேங்கி நிக்குது, கிருமி வளருது. விரிஞ்சது விரிஞ்சதுதான். தேங்குறத தெனமும் வெளிய எடுத்துட்டா நல்லா இருக்கலாம்."

"தெனமுமா?"

"பல்லு தேய்க்கிற மாதிரி."

சளி எடுக்கும் வழிகளைச் சொல்லிக்கொடுத்தது கார்த்யாயினி. சிதம்பரத்துக்காரி, பிசியோதெரபி படித்தவள், கீழ வீதிப் பக்கம் ஒரு மாடியில் சின்ன கிளினிக் வைத்திருந்தாள். வயதில் தமிழ்ச்செல்விக்கு மகளாக இருக்கலாம். முதலில் கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தித் தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து முதுகில் தட்டிப் பார்த்தாள். தலை தாழ்ந்ததும் வயிற்றில் இருந்த புளித்த நீர் தொண்டைக்கு ஏறிவிட்டது. தமிழ்ச்செல்வி எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டாள்.

"எதுக்களிப்பு எவ்வளவு நாளா இருக்கு?"

"அது எப்பவும் இருக்கறதுதான். டயத்துக்குச் சாப்பிடறது இல்ல, அதான்."

தட்டிவிட சேரனும் தினமும் வீட்டில் இருக்க முடியாது. அவனுக்கு ஷிப்ட் வேலை. அப்போதுதான் கார்த்யாயினி அந்த மிஷினைப் பற்றிச் சொன்னாள். பாண்டிச்சேரியில் ஒருவர் இதே சீக்குக்கு வாங்கிப் பயன்படுத்திவிட்டு இறந்துபோயிருந்தார். வீட்டார் அதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவளிடம் கேட்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து இரண்டு குழாய், குழாய் போய்ச் சேர்கிற இடத்தில் ஒரு கோட்டு. பெட்டி காற்றை விட்டு விட்டு அடிக்கும். கோட்டு உப்பி, நெஞ்சை வேகவேகமாக அதிர வைக்கும். ஒட்டிக்கொண்டிருக்கிற சளி பெயர்ந்து மேலே வரும்.

கொடுப்பதற்கு முன்னால் கார்த்யாயினி அவளை உட்காரவைத்துக் கேட்டாள். "இது நல்ல மிஷின்தான். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி வைக்க முடியாது. உங்களுக்கு வேற என்னென்ன இருக்கு? எலும்பு வீக்கா இருக்கா? ஹார்ட்டுல பேஸ்மேக்கர் மாதிரி ஏதாவது வச்சிருக்கா? சளியில ரத்தம் வருமா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறீங்களா? வேற எந்த மாத்திரையா இருந்தாலும் சொல்லுங்க."

தமிழ்ச்செல்வியின் விரல்கள் மடியில் இருந்தன. முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

பத்து வருஷமாக அவளுக்கு முடக்குவாதம் இருந்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, வெந்நீரில் கையை வைத்து மெல்ல மெல்ல உயிர் வரவழைக்க வேண்டும். கடலூரில் ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கிய மாத்திரைகளில் வெள்ளையாகச் சின்னதாக ஒன்று உண்டு. அது ஸ்டீராய்டு. கொஞ்ச நாளைக்குத்தான் என்று அவர் சொல்லியிருந்தார். தமிழ்ச்செல்வி அந்தச் சீட்டையே மருந்துக்கடையில் காட்டிக்காட்டி வருஷக்கணக்கில் விழுங்கினாள். லைசென்ஸ் டெஸ்ட்டு நெருங்கி வேலை அதிகமான வாரங்களில் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்வாள். கை நன்றாக வேலை செய்யும். இது சேரனுக்கே பாதிதான் தெரியும். முடக்குவாதம் என்று நாலு பேருக்குத் தெரிந்தால், ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு வாதமா என்று கேட்பார்கள். ஒருவர் கேட்டால் போதும், அடுத்த நாள் போன் வராது.

"வேற ஒண்ணும் இல்லம்மா" என்றாள். "கை வலிக்கு எப்பவாவது மாத்திரை போடுவேன். வயசாவுதுல்ல."

கார்த்யாயினி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். "சரி" என்றாள். பெட்டியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் ஒரு இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள். "இந்த ஸ்டிக்கரத் தாண்ட வேணாம். வெறும் வயித்துல போடுங்க. நடுநடுவுல நிறுத்தி, வாயத் தொறந்து ஹா, ஹான்னு ஊதி சளிய வெளிய எடுங்க. காலையில அரை மணி, சாயந்திரம் அரை மணி."

"அரை மணி நேரம் ஒரே எடத்துலயா?"

"ஒரே எடத்துலதான்."

முதல் நாள் அது தண்டனையாக இருந்தது. மீன் பிடிக்கப் போகிறவர்கள் போட்டுக்கொள்கிற லைஃப் ஜாக்கெட்டு மாதிரி இருந்தது கோட்டு. கிளிப் போட்டதும் இறுகியது. பொத்தானை அழுத்தியதும் உடம்பு முழுவதும், குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்பிரிங் போன ஜீப்பில் போவது போலக் குலுங்கியது. ஜீப்பாவது எங்கேயாவது போய்ச் சேரும். இது போகவில்லை. எதிரே சுவரும் சுவரில் கடிகாரமும் இருந்தன. அவள் முள்ளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், வெளியே நின்ற காரைப் பார்த்தாள். பால் பொங்குகிற சத்தம் கேட்டது. எழுந்திருக்கப் போனால் குழாய் இழுத்தது.

"ஒக்காருடி" என்றான் சேரன், அடுப்பை அணைத்தபடி.

"மாட்ட கட்டிப் போட்ட மாதிரி இருக்குது மாமா."

ஆனால் அது நின்றபிறகு, கார்த்யாயினி சொன்னபடி ஊதி இருமியபோது, நெஞ்சின் அடியிலிருந்து பச்சையும் மஞ்சளுமாகக் கட்டிக்கட்டியாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் போனதும் ஒரு காலையில் துணி காயப்போட மாடிக்கு ஏறினாள். ஏறி முடித்தபிறகுதான் நடுவில் நிற்கவில்லை என்று தெரிந்தது. மேலே நின்று மூச்சை இழுத்தாள். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது, இதுவரை போகாத இடத்துக்கெல்லாம் போனது. கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளால் எதையும் மெதுவாகச் செய்ய முடியாது. சிவப்பு ஸ்டிக்கர் வரைக்கும் வைத்து அரை மணி நேரம் என்றால், அதைத் தாண்டி வைத்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். கொஞ்சம் ஏற்றினாள். சளி வந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். கோட்டு தளர்வாக இருந்தால் அடி சரியாக விழவில்லை என்று கிளிப்பை இறுக்கினாள். காலையில் வகுப்பு இருந்தால் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு அதன்மேலேயே கோட்டை மாட்டினாள். புளித்த நீர் வாய்வரைக்கும் வந்தது, முழுங்கினாள். ஊதுவதை விட்டுவிட்டாள். சளியே தானாக வருகிறதே என்று நினைத்தாள்.

தை கடைசியில் ஒரு நாள் காலை, மிஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து பலமாக இருமினாள். வலது விலாவில், மார்புக்குக் கீழே, காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிந்த மாதிரி ஏதோ ஆனது. அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள். மூச்சை இழுத்தால் குத்தியது.

தசை பிடித்துக்கொண்டது என்று தைலம் தடவினாள். வெள்ளை மாத்திரையை இரண்டாகப் போட்டாள். அன்றைக்கும் வண்டி எடுத்தாள்.

அதன்பிறகு கோட்டைப் போட முடியவில்லை. போட்டால் உயிர் போகிற வலி. கார்த்யாயினியிடம் சொல்லலாம். சொன்னால் மிஷினை வாங்கிக்கொள்வாள். மாடிக்கு நிற்காமல் ஏறிய அந்தக் காலை போய்விடும். சேரனிடம் சொன்னால் அவன் கார்த்யாயினியிடம் சொல்லிவிடுவான். இப்படி நினைத்து நினைத்து அவள் ஒரு வேலை செய்தாள். கோட்டை நாற்காலி முதுகில் மாட்டி, கிளிப்பைப் போட்டு, மிஷினை ஓடவிட்டாள். பக்கத்து அறையில் படுத்திருக்கிறவனுக்கு அந்த கடகடச் சத்தம் கேட்டால் போதும். அவள் வழக்கம்போல வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள், விலாவைப் பிடித்தபடி, மேல்மூச்சாக விட்டுக்கொண்டு.

சேரன் ஒரு நாள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு சாயந்திரமே வந்துவிட்டான். கூடத்தில் நாற்காலி தனியாக உட்கார்ந்து குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் பின்பக்கம் போன் பேசிக்கொண்டிருந்தாள். அவன் மிஷினை அணைத்தான். திடீரென்று வீடு அமைதியானதும் அவள் ஓடிவந்தாள்.

"யாருக்கு வைத்தியம் நடக்குது? நாற்காலிக்கா?"

அவன் குனிந்து திருகைப் பார்த்தான். ஸ்டிக்கர் ஒரு பக்கம் இருந்தது, முள் வெகுதூரம் போயிருந்தது.

"இத யாரு ஏத்துனது?"

"நான்தான். சீக்கிரம் முடியட்டும்னு."

"இப்ப ஏன் போடல?"

"வேலை இருக்குது மாமா. எனக்கு இன்னா, உன்ன மாதிரி சங்கு ஊதுனா வேலை, சங்கு ஊதுனா வீடா?"

சொன்னதும் தப்பு என்று தெரிந்தது. சேரன் கிளிப்பைக் கழற்றிக் கோட்டை மடித்து வைத்தான். அன்றைக்கு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் விலாவைப் பற்றி அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சிதம்பரத்தில் தர்மாம்பாளுக்கு வகுப்பு, ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு போனாள். தர்மாம்பாள் கோயிலைச் சுற்றியுள்ள தெரு ஒன்றில் இருப்பவர், அறுபதைத் தாண்டியவர். கணவர் பட்டாபிக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது, வீட்டில் கார் சும்மா நின்றது. அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குத் தானே அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்று கற்றுக்கொள்ள வந்திருந்தார். பயந்த சுபாவம். ஆனால் ஒரு வகுப்பைக்கூட விட்டதில்லை.

ஊர் நெரிசலைத் தாண்டி கீரப்பாளையம் போகிற பக்கம் ஒரு கிராமத்து ரோட்டில் வண்டியைத் திருப்பச் சொன்னாள் தமிழ்ச்செல்வி. அறுவடை முடிந்திருந்தது. ரோட்டின் இடப்பக்கம் நெடுக நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்கக் கல் வைத்திருந்தார்கள். சீட் பெல்ட் சரியாக வலது விலாவின்மேல் பட்டது. தாங்க முடியாமல் அதை வலது கையால் நெஞ்சிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங் பக்கம் எப்போதும் தயாராக இருக்கிற கை அது.

எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்தது.

"மாமி, பிரேக்க மெதுவா புடிச்சு நிறுத்துங்க. அது போவட்டும்" என்றாள். சொல்லி முடிக்கும்போதே இருமல் வந்தது. பல நாள் தேங்கியது ஒன்றாகத் திரண்டு வந்தது. அவள் இரண்டாக மடங்கினாள். தர்மாம்பாள் பதறிப்போய் அவளைத் திரும்பிப் பார்த்தார். கால் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தது.

தமிழ்ச்செல்வி கையை நீட்டினாள். பெல்ட்டை விட்டுவிட்டு நீட்டுவதற்குள் கார் நெல்லில் ஏறிவிட்டது. காலால் பிரேக்கை அழுத்தினாள். விலாவில் கத்தி இறங்கியது போல இருந்தது, கால் பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தாள். டமார் என்று டயர் வெடித்தது. கார் கற்களைத் தள்ளிக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் ஒரு சக்கரம் சரிந்தபடி நின்றது.

டிராக்டர்காரர் இறங்கி ஓடிவந்தார். நெல்லுக்குச் சொந்தக்காரர் சின்னையன் வயலிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். "கண்ணு தெரியல? இம்மாம் நெல்லு கொட்டிக் கெடக்குது..." அருகில் வந்தவர் நிறுத்திவிட்டார். தமிழ்ச்செல்வி கதவைத் திறந்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கைக்குட்டையில் துப்பிக்கொண்டிருந்தாள். கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. அவர் திட்டுவதை விட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

தர்மாம்பாளுக்கு அடி எதுவும் இல்லை. கை இன்னும் ஸ்டியரிங்கிலேயே இருந்தது. "என்னாலதானே? நான்தானே மாத்தி மிதிச்சேன்?"

"இல்ல மாமி. நீங்க மாத்தி மிதிப்பீங்க, கத்துக்கறவங்க அப்பிடித்தான். நான் புடிச்சிருக்கணும். எனக்குக் கை வரல. விலாவுல அடிபட்டுருக்குது, வாரக்கணக்கா. சொல்லாம வண்டியில ஏறிட்டேன்."

தர்மாம்பாள் ஆறுதல் சொல்வார் என்று அவள் நினைத்திருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"உங்க கால் பிரேக்ல இருக்குன்னு நம்பித்தான் நான் ஓட்டினேன்" என்றார். "இல்லேன்னா இந்த வயசில எனக்கு ஏது அந்தத் தைரியம்? எனக்கு ஏதாவது ஆனா அவர் தனியா கண்ணு தெரியாம நிப்பார். நீங்க சொல்லியிருக்கணும்."

தன் உடம்பு, தன் வலி, தானே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தது அவள் எண்ணத்தில் வரவேயில்லை.

சின்னையன் வழியில் போன ஷேர் ஆட்டோவை நிறுத்தினார். தர்மாம்பாளை வீட்டில் இறக்கிவிட்டு அவள் நேராகக் கார்த்யாயினியின் மாடிக்குப் போனாள். படியில் இரண்டு இடத்தில் நின்றாள். மேலே போனதும் கைப்பையைக் கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகள் மேஜையில் விழுந்தன. கார்த்யாயினி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை அட்டையில் நின்றாள்.

"இது எத்தனை வருஷமா?"

"பத்து இருக்கும்."

"நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க. பயமா இருந்துச்சு. குடுக்க மாட்டீங்கன்னு."

"குடுத்திருப்பேன். வேற மாதிரி குடுத்திருப்பேன்." கார்த்யாயினி அட்டையை மேஜையில் வைத்தாள். "இந்த மாத்திரைய இவ்வளவு நாள் சாப்பிட்டா எலும்பு பஞ்சா போகும். அதுமேல இவ்வளவு வேகமா அடிச்சா... எல்லா மாத்திரையையும் கொண்டுவந்து காட்டுங்கன்னு நானும் சொல்லியிருக்கணும். வெளிய ஆள் நிக்கறாங்கன்னு விட்டுட்டேன்."

எக்ஸ்ரேயில் விலா எலும்பில் விரிசல் தெரிந்தது. இடுப்பிலும் முதுகிலும் எடுத்த எலும்பு ஸ்கேன் அதைவிட மோசமாக இருந்தது. மிஷின்தான் உடைத்ததா, இருமலே உடைத்ததா என்று கேட்டாள் தமிழ்ச்செல்வி. நெஞ்சு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டும் சேர்ந்துகூட இருக்கலாம். மெலிஞ்சுபோன எலும்புக்கு ஒரு பெரிய இருமல் போதும்." வலிக்குப் பயந்து இருமாமல் அடக்கிவைத்ததில் சளி தேங்கி மறுபடியும் கிருமி வந்திருந்தது, ரத்தம் அதனால்தான். படுக்கவைத்து நரம்பில் மருந்து ஏற்றினார்கள்.

சேரன் அன்று மாலையே வந்துவிட்டான். கட்டில் பக்கத்தில் நின்றான், ஸ்டூல் இருந்தும் உட்காரவில்லை.

"நேத்து கேட்டப்பகூட சொல்லல."

"கோட்ட புடுங்கிடுவாங்கன்னு..."

"நான் வேலைக்குப் போயி மிஷின பாத்துக்கறேன். வீட்டுல இருக்கற மனுஷி என்ன ஆனான்னு தெரியல எனக்கு." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கையை நீட்டினாள். விரல் சரியாக மடங்கவில்லை. அவன் அதைப் பிடித்து, இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தான்.

எலும்பு கூடுகிற வரைக்கும் கோட்டைத் தொடக்கூடாது என்றாகிவிட்டது. அதற்குப் பதிலாகக் கார்த்யாயினி ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஒரு குழாயை விட்டு, அதில் ஊதச் சொன்னாள். ஊதினால் தண்ணீர் கொப்பளிக்கும், அந்த அதிர்வு நெஞ்சுக்குள் போய்ச் சளியை அசைக்கும். இரும வேண்டிவந்தால் ஒரு தலையணையை விலாவோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இரும வேண்டும். நெஞ்சு டாக்டரும் கடலூர் டாக்டரும் போனில் பேசினார்கள். ஒரே ஆளுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்பது அவர்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார்கள். எலும்புக்கு ஊசி, வாதத்துக்கு வேறு மருந்து.

வீட்டுக்கு வந்தபிறகு அவளுக்குக் கஷ்டமாக இருந்தது வலி இல்லை, சும்மா இருப்பதுதான். கார் பழுது பார்த்து வந்துவிட்டது. அவளிடம் முன்பு கற்றுக்கொண்டு, பிறகு பயிற்சியாளர் ஆகிவிட்டிருந்த இளவரசி வந்து வகுப்பு எடுத்தாள். தெருவில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டதும் தமிழ்ச்செல்வி பாட்டிலும் கையுமாக வாசலுக்கு வந்துவிடுவாள். கியர் உறுமுவதைக் கேட்டு, "செகண்ட போடச் சொல்லு, வண்டி அழுவுது பாரு!" என்று கத்துவாள். கத்தினால் விலா வலிக்கும். எதிர்வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார். ஸ்டீராய்டு குறையக் குறையக் கைவலி ஏறியது. சில காலைகளில் டம்ளரைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் அழுகை வந்தது, அதையும் நடந்துகொண்டேதான் அழுதாள்.

சித்திரை முடிந்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கூடியிருந்தது. ரத்தமும் வரவில்லை. இந்த முறை கார்த்யாயினி கடலூருக்கே வந்து கோட்டைப் போட்டுவிட்டாள். கிளிப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே தன் கையை நுழைத்துத் தளர்வாக வைத்தாள். திருகை முன்பு ஸ்டிக்கர் ஒட்டிய இடத்துக்கும் கீழே இறக்கினாள். அடி பூப்போல விழுந்தது.

"இதுல சளி வருமா?" என்றாள் தமிழ்ச்செல்வி, சந்தேகமாக.

"வரும். நேரம் ஆகும். நடுநடுவுல நீங்க ஊதணும். மிஷின் பாதி, நீங்க பாதி. வலிச்சாலோ, ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நிறுத்திட்டு எனக்குப் போன். எதுவும் இல்லன்னா சாப்பாட்டுக்கு முன்னாடி, நிமிர்ந்து ஒக்காந்து."

"ஒக்காந்து" என்று அவளும் சொல்லிப் பெருமூச்சு விட்டாள்.

விரல் மடங்காத நாட்களில் கிளிப்பை அழுத்த முடியவில்லை. சேரன் வீட்டில் இருந்தால் அவன் போட்டுவிடுவான். இன்னொருவர் தனக்குச் சட்டை மாட்டிவிடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் கார்த்யாயினியைக் கேட்டுவிட்டு, கிளிப்பில் கெட்டித் துணியால் வளையம் வளையமாகத் தைத்துக் கொடுத்தான். மணிக்கட்டை நுழைத்து இழுத்தால் போதும். அதன்பிறகு அவளே போட்டுக்கொண்டாள்.

தர்மாம்பாள் திரும்ப வரவில்லை. சிதம்பரத்திலேயே வேறு ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டார் என்று தெரிந்தது. தமிழ்ச்செல்வி ஒருமுறை போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். "உடம்பைப் பார்த்துக்கோங்கோ" என்றார் அவர், மரியாதையாக. அதற்குமேல் பேச்சு வளரவில்லை. அந்தக் குரலில் இருந்த தூரம் அவளுக்கு வெகுநாள் உறுத்தியது. அதற்குப்பிறகு புதிதாகச் சேர வருகிறவர்களிடம் அவளே முதலில் சொல்லிவிடுவாள்: எனக்குக் கையில் வாதம், நெஞ்சில் சளிக்கோளாறு, முடியாத நாளில் நான் வரமாட்டேன், இளவரசி வருவாள். சிலர் போய்விட்டார்கள். முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள்.

மழைக்காலம் வந்தது. வழக்கம்போலக் காய்ச்சலும் வந்தது. ஆனால் படுக்கையில் தள்ளவில்லை, மாத்திரையோடு போய்விட்டது. கடலில் புயல் சின்னம் என்று சொல்லி இரண்டு நாள் விடாமல் பெய்தது. கரண்ட் போனபோது பாட்டிலில் ஊதினாள். மூன்றாம் நாள் காலை மழை விட்டதும் கரண்ட் வந்தது. அவள் கோட்டைப் போட்டு மிஷினைத் தட்டிய நேரம் போன் அடித்தது. இளவரசி. பின்னால் யாரோ ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது.

"மேடம், திருப்பாப்புலியூர்ல தெரியாம எறங்கிட்டோம். முழங்கால் தண்ணி. இந்தக்கா ஸ்டியரிங்க புடிச்சினு அழுவுது. நிறுத்தவா?"

"நி-நி-நிறுத்தாத!" கோட்டு குலுங்க, வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "நி-நிறுத்துனா சைலன்சர்ல த-தண்ணி ஏறிடும். ஃப-ஃபர்ஸ்ட்லயே வை. ஆக்சிலேட்டர வி-விடாத. கிளட்ச நீ பாத்துக்க."

"என்ன மேடம், டிராக்டர்ல போறீங்களா?"

"நா-நான் எங்க போறது? வூ-வூட்டுலதான் இருக்கேன். மெ-மெதுவா போ. முன்னாடி போற வண்டி பின்னாலயே ஒ-ஒட்டிக்கினு போவாத."

எழுந்து வாசலுக்கு ஓட உடம்பு பரபரத்தது. குழாய் இழுத்தது. உட்கார்ந்தாள். போனில் என்ஜின் உறுமுகிற சத்தமும் தண்ணீர் பிளக்கிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. அவள் இரண்டு காலும் தரையில், இல்லாத பிரேக்கையும் கிளட்சையும் மிதித்தபடி இருந்தன. கடைசியில் இளவரசி, "ஏறிட்டோம் மேடம், மேட்டுக்கு வந்துட்டோம்" என்றாள். அழுத பெண் இப்போது சிரித்துக்கொண்டிருந்தாள்.

தமிழ்ச்செல்வி போனை வைத்தாள். மிஷினை நிறுத்தி, வாயைத் திறந்து, ஹா, ஹா என்று ஊதி, வந்ததைத் துப்பினாள். வெள்ளையாகத்தான் இருந்தது. பாதி நேரம் இன்னும் பாக்கி. மறுபடி பொத்தானை அழுத்தினாள்.